விளம்பரக் கணக்கு லாக் ஆயிடுச்சா? முதல்ல கார்டைப் பாருங்க!



போன தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை 9:30 மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு தங்கை. அவங்க வருமான வரி ரிட்டர்னை நாலு வருஷமா நான்தான் தாக்கல் பண்றேன். சம்பளம் போக, வார இறுதியில குழந்தைகளுக்கான காட்டன் டிரஸ் தைத்து சோஷியல் மீடியா வழியா விற்கிறாங்க. வீட்டுப் பக்கத்துல ரெண்டு அக்காங்க தையல், இவங்க டிசைன், மார்க்கெட்டிங். ஒரு நாளைக்கு 600 ரூபாய் விளம்பரச் செலவு.

"அண்ணா, மூணு நாளா தூங்கலீங்ண்ணா. பேஜ் போச்சு, விளம்பர அக்கவுண்ட் போச்சு. பதினோரு தடவை ஃபார்ம் ஃபில் பண்ணிட்டேன். ஒண்ணுக்கும் பதில் வரலீங்ண்ணா."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கார்டை பிளாக் பண்ணிட்டீங்களா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "அது தோணவே இல்லீங்ண்ணா" என்றார்.

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு பதிலைச் சுற்றித்தான். சைடு பிசினஸ் பண்றவங்க, ஆபீஸ்ல கம்பெனி பேஜைப் பார்த்துக்கிறவங்க, ரெண்டு பேருமே கடைசி வரை படிங்க. கணக்கை மீட்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஆனால் எந்தப் படி முதலில் என்பதுதான் இதில் பணத்தைக் காப்பாற்றும் விஷயம்.

அந்த மூணு நாள்ல என்ன நடந்தது?

வெள்ளிக்கிழமை ராத்திரி அவங்க பேஜுக்கு ஒரு மெசேஜ். "உங்கள் பக்கம் காப்புரிமை விதியை மீறியுள்ளது. 24 மணி நேரத்தில் மேல்முறையீடு செய்யாவிட்டால் நிரந்தரமாக நீக்கப்படும்." கீழே ஒரு லிங்க். தீபாவளி ஆர்டர் குவிகிற நேரம். பதறிப்போய் லிங்க்கைத் தொட்டு, பாஸ்வேர்டு போட்டு, வந்த ஓடிபியையும் போட்டுட்டாங்க. அது சோஷியல் மீடியா நிறுவனத்தின் பக்கமே இல்லை. அதே மாதிரி செய்து வைத்த போலிப் பக்கம்.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால், அவங்க பேஜ்ல அவங்களே அட்மின் இல்லை. உள்ளே வந்தவன் முதல் வேலையாக அவங்களை வெளியே தள்ளிவிட்டு, அவங்க விளம்பரக் கணக்கில் இருந்து ஏதோ வெளிநாட்டு ஷூ விளம்பரத்தை ஓடவிட்டிருந்தான். செலவு யார் கார்டில்? இவங்க கார்டில்.

சனி மாலை பேங்க்கில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கு. நாளை உங்கள் கார்டில் 14,700 ரூபாய் தானாகப் பிடிக்கப்படும், வேண்டாமென்றால் நிறுத்தலாம் என்று. அவங்க ஃபார்ம் நிரப்பும் அவசரத்தில் அதைத் திறந்துகூடப் பார்க்கலை. ஞாயிறு மாலை 14,700 ரூபாய் போனது. திங்கள் காலை இன்னொரு 14,200. நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே மூணாவது எஸ்எம்எஸ் வந்தது: நாளை 14,900.

ஏன் எல்லாமே 15,000-க்குக் கீழே என்று கவனிச்சீங்களா? ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் நாம ஒருமுறை அனுமதி கொடுத்து வைத்த தொடர் கட்டணங்களில் ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே பிடிக்கலாம். 2022 ஜூனுக்கு முன்பு இந்த வரம்பு 5,000 ரூபாய். வசதிக்காக வந்த விதிதான். ஆனா அந்த அனுமதி நம்ம பெயரில் இருக்க, கணக்கு திருடன் கையில் இருந்தால், நம்ம கையெழுத்துப் போட்ட செக் புக்கை அவனிடம் கொடுத்த மாதிரி.

அந்த விதியே நமக்கு ஒரு பாதுகாப்பையும் வைத்திருக்கிறது. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் பேங்க் அறிவிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை மட்டுமோ, மொத்த அனுமதியையுமோ நிறுத்த வழி கொடுக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைத்தான் நாம யாரும் படிப்பதில்லை.

கணக்கு யாருக்குச் சொந்தம்?

மீட்பதற்கு முன்னால் எது போச்சு என்று சரியாகத் தெரிய வேண்டும். மெட்டாவை உதாரணமாக எடுத்துக்கறேன். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் அவர்களுடையவை, நம்ம வாசகர்களில் நிறைய பேர் அங்கேதான் விளம்பரம் போடுகிறீர்கள். ஒரு சிஏ-வா எனக்குப் புரிந்த மொழியில் சொல்றேன்.

உங்க தனிப்பட்ட ப்ரொஃபைல் உங்கள் கையெழுத்து மாதிரி. பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்பது கம்பெனி. முன்பு இதை பிசினஸ் மேனேஜர் என்று சொன்னார்கள். பேஜ், அதாவது பக்கம், கடை வாசலில் இருக்கும் போர்டு. விளம்பரக் கணக்கு செக் புக். அதில் சேர்த்து வைத்த கார்டுதான் பேங்க் பேலன்ஸ்.

பிசினஸ் கணக்குக்கு என்று தனியாக ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கிடையாது. உங்கள் தனிப்பட்ட ப்ரொஃபைலுக்கு அங்கே "முழுக் கட்டுப்பாடு" கொடுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் ப்ரொஃபைல் போனால் கையெழுத்து போச்சு. கையெழுத்து போனால் கம்பெனி, போர்டு, செக் புக் எல்லாம் போச்சு.

லாக் என்பதும் மூணு வகை:

1. வேறு ஒருவர் உள்ளே வந்து உங்களை வெளியே தள்ளியது.
2. விதிமீறல் அல்லது சந்தேகமான நடவடிக்கை என்று நிறுவனமே முடக்கியது.
3. கணக்கைத் திறந்தது உங்கள் ஏஜென்சி அல்லது பழைய ஊழியர். அவர் போன் எடுக்கவில்லை.

மூணுக்கும் வழி வேறு. அந்தத் தங்கைக்கு முதல் ரெண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. திங்கள் மத்தியானம் "சந்தேகமான செயல்பாடு" என்று விளம்பரக் கணக்கு முடங்கியது. திருடனும் வெளியே, சொந்தக்காரரும் வெளியே!

முதல் படி: பணத்தை நிறுத்துங்க

முதல் அரை மணி நேரத்தில் சோஷியல் மீடியா ஃபார்மைத் தொடவே வேண்டாம். இந்த வரிசையில் செய்யுங்க.

பேங்க் ஆப்பைத் திறந்து, விளம்பரக் கணக்கில் சேர்த்த கார்டை உடனே பிளாக் பண்ணுங்க. பிளாக் பண்ண மனசில்லை என்றால் ஆன்லைன் பரிவர்த்தனையை மட்டுமாவது ஆஃப் பண்ணுங்க. இந்த ஸ்விட்ச் எல்லா பேங்க் ஆப்பிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதோடு தானியங்கிக் கட்டண அனுமதியையும் ரத்து பண்ணுங்க. யுபிஐ ஆட்டோபே என்றால், அந்த யுபிஐ ஆப்பிலேயே அதை நிறுத்தலாம்.

அடுத்து பேங்க் கஸ்டமர் கேரில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்குங்க. போனில் சொன்னதையே ஒரு மெயிலாகவும் அனுப்புங்க. இதற்குக் காரணம் இருக்கு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பேங்க் பக்கமும் தப்பில்லை, உங்கள் பக்கமும் தப்பில்லை, வேறு எங்கோ ஓட்டை என்றால், பேங்க் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு. 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அது 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் பேங்க்கின் கொள்கைதான் தீர்மானிக்கும்.

உங்கள் கவனக்குறைவால் நடந்தது என்று பேங்க் வாதாடலாம். அப்போதும் ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம்: நீங்கள் புகார் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகும் பணம் பேங்க்கின் பொறுப்பு. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் காசு. புகார் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது.

மூணாவது, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைச் சேமித்து வைங்க. அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் குற்றம். திருடன் பிடிபடுவானா என்பது அடுத்த கதை. ஆனா பேங்க்கிடமும், சோஷியல் மீடியா நிறுவனத்திடமும், நாளைக்கு வருமான வரி அதிகாரியிடமும் காட்ட உங்களிடம் இருக்கும் முதல் ஆவணம் இந்தப் புகார்தான்.

கிரெடிட் கார்டு பில் வந்தால் பயந்து மொத்தத்தையும் கட்டாம விட்டுடாதீங்க. மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, முடிவு தெரியும் வரை கட்டணம் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதி. மீதித் தொகையைக் கெடுவுக்குள் கட்டிடுங்க. இல்லைன்னா ஹேக்கரால் போன பணத்தோடு உங்க சிபில் ஸ்கோரும் போகும். பேங்க் 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் புகார் தரலாம்.

ரெண்டாவது படி: கையெழுத்தை மீட்கணும்

இப்போ ப்ரொஃபைலுக்கு வருவோம். முதலில் உங்க மெயிலின் பாஸ்வேர்டை மாத்துங்க. மெயில் அவன் கையில் இருந்தால் நீங்க எதை மீட்டாலும் அவன் திரும்பவும் எடுத்துப்பான்.

பிறகு மெயில் இன்பாக்ஸ், ஸ்பேம் ரெண்டிலும் தேடுங்க. உங்கள் கணக்கின் மெயிலையோ பாஸ்வேர்டையோ யாராவது மாற்றினால், பழைய மெயிலுக்கு ஓர் அறிவிப்பு வரும். "இதைச் செய்தது நான் இல்லை" என்று சொல்லித் திருப்பும் லிங்க் அதில் இருக்கும். சீக்கிரம் பார்த்தால் இதுவே வேலையை முடித்துவிடும். ஆனால் போலி மெயிலும் இதே வேஷத்தில் வரும். அதனால் அனுப்பிய முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகுதான் தொடணும்.

அது நடக்கவில்லை என்றால், பேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு, இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்ற பக்கங்கள் இருக்கு. லிங்க்கைத் தேடி கிளிக் பண்ணாமல், கையால் டைப் பண்ணுங்க. வழக்கமாக நீங்கள் லாகின் செய்யும் அதே போன், அதே வீட்டு வைஃபையில் இருந்து செய்தால் சிஸ்டத்துக்கு உங்களை அடையாளம் காண்பது எளிது. அடையாள அட்டையோ, முகத்தைத் திருப்பிக் காட்டும் செல்ஃபி வீடியோவோ கேட்கலாம்.

இங்கேதான் நம்ம ஆளுங்க மாட்டுவாங்க. ப்ரொஃபைல் பெயர் "கொங்கு இளவரசி", பான் கார்டில் வேற பெயர். ப்ரொஃபைல் போட்டோவில் பூனை. அப்புறம் அந்த சிஸ்டம் உங்களை எப்படி நம்பும்? பிசினஸுக்கு அட்மினாக இருக்கும் ப்ரொஃபைலில் பெயரும் பிறந்த தேதியும் அரசு ஆவணத்தில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

மூணாவது படி: போர்டும் செக் புக்கும்

கையெழுத்து திரும்பக் கிடைத்தால் பேஜும் கணக்கும் தானாக வந்துவிடாது. ஹேக்கர் உங்களை அங்கிருந்து தனித்தனியாக நீக்கியிருப்பான். வேறு யாருக்காவது முழுக் கட்டுப்பாடு இருந்தால் அவர் உங்களைத் திரும்பச் சேர்க்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. யாருமே இல்லை என்றால் சப்போர்ட் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குத் தேவையானதை ஒரே ஃபோல்டரில் வைங்க:

- பேஜ் லிங்க், விளம்பரக் கணக்கு எண், பிசினஸ் போர்ட்ஃபோலியோ எண்
- பழைய விளம்பர ரசீதுகள், அந்தத் தொகை தெரியும் கார்டு ஸ்டேட்மென்ட்
- உத்யம் சான்றிதழ் அல்லது ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ்
- பான் அட்டை, அரசு அடையாள அட்டை
- 1930 புகாரின் ஒப்புகை எண், பேங்க் புகார் எண்
- என்ன நடந்தது என்று தேதி, மணி வாரியாக ஒரு பக்கக் குறிப்பு

விளம்பரக் கணக்கு எண் எங்கே இருக்கும்? பழைய ரசீது மெயிலில் பாருங்க. அந்தத் தங்கை எல்லா ரசீதையும் எனக்கு ஜிஎஸ்டிக்காக மாதாமாதம் அனுப்பியிருந்தாங்க. "இந்த அண்ணன் ஏன் இதெல்லாம் கேட்டுத் தொல்லை பண்றார்"னு நினைச்சிருப்பாங்க. கடைசியில் அந்தக் கணக்கு அவங்களுடையது என்று நிரூபித்தது அந்த ரசீதுகள்தான்.

நிறுவனமே முடக்கியிருந்தால், பிசினஸ் சப்போர்ட் ஹோம் பகுதியில் எந்தக் கணக்கு, என்ன காரணம் என்று காட்டும். அங்கே "மறுபரிசீலனை" கேட்கும் பட்டன் இருக்கும். அதில் கோபத்தைக் கொட்டாதீங்க. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓடிய இந்த விளம்பரங்கள் நான் போட்டவை இல்லை; அந்த நேரத்தில் என் அட்மின் உரிமை நீக்கப்பட்டிருந்தது; புகார் எண் இது" என்று நாலு வரி போதும். ஒரே கோரிக்கையைப் பதினோரு தடவை அனுப்பினால் பதினோரு மடங்கு வேகம் வராது. ஒரு கோரிக்கை எண், அதில் தொடர்ச்சி. பேஸ்புக் தனிப்பட்ட கணக்கே இடைநிறுத்தப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள் அவகாசம் உண்டு; அதைத் தள்ளிப்போட்டு விட்டுடாதீங்க.

கார்டை பிளாக் பண்ணியதால் விளம்பரக் கணக்கில் "பாக்கி" என்று காட்டும். அந்தத் தங்கைக்கு 14,900 ரூபாய் பாக்கி காட்டியது. பயந்துபோய் அதைக் கட்டத் தயாராகிட்டாங்க. கட்டிட்டா அந்தச் செலவை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! மோசடி விசாரணை முடியட்டும், அதுவரை கட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தேன்.

மூணாவது வகை லாக், அதாவது ஏஜென்சி கையில் கணக்கு இருப்பது, இன்னும் சிக்கல். விளம்பரக் கணக்கை ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவில் திறந்திருந்தால், சட்டப்படி நீங்கள் பணம் கட்டியிருந்தாலும் சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது அவர்களுடையது. அதனால் போர்ட்ஃபோலியோவை எப்போதும் உங்கள் பெயரில் திறந்து, ஏஜென்சியை "பார்ட்னர்" ஆக மட்டும் சேருங்க. வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

பதிலே வரலைன்னா?

இந்தியாவில் 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, ஒவ்வொரு சோஷியல் மீடியா நிறுவனமும் ஒரு குறைதீர் அதிகாரியை வைக்க வேண்டும். அவரை அணுகும் வழியைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் தீர்வு என்பது அந்த விதிகள் வந்தபோது வைத்த கெடு. சப்போர்ட் சாட் வேறு, இந்த அதிகாரி வேறு. அவருக்கு ஃபோல்டரில் இருக்கும் ஆவணங்களோடு எழுதுங்க.

அங்கேயும் சரியான பதில் இல்லை என்றால், மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. சுருக்கமாக ஜிஏசி. 2022 அக்டோபரில் விதி திருத்தப்பட்டு, 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. ஜிஏசி டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழுக்க ஆன்லைனில் மேல்முறையீடு செய்யலாம். குறைதீர் அதிகாரியின் பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். இப்படி ஒரு வழி இருப்பதே நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது.

இதை மட்டும் பண்ணாதீங்க

ஒண்ணு: டெலிகிராமில், கமெண்ட்டில், "5,000 ரூபாய் கொடுத்தால் 2 மணி நேரத்தில் கணக்கை மீட்டுத் தருவோம்" என்று வருபவர்கள். ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவரைத் தேடிப்பிடித்து ரெண்டாவது தடவை ஏமாற்றுவதுதான் இவர்கள் தொழில். ஓடிபி கேட்பான், அடையாள அட்டை கேட்பான். அதை வைத்து அடுத்த மோசடி.

ரெண்டு: முடக்கிய கணக்கு இருக்கும்போதே அவசரமாகப் புதுக் கணக்கு திறந்து அதே விளம்பரத்தைப் போடுவது. தடையைச் சுற்றிப் போகிறார்கள் என்று சிஸ்டம் எடுத்துக்கொண்டு, புதுசையும் முடக்கும். பழையதை மீட்பதும் கஷ்டமாகும்.

மூணு: ஆதாரங்களை அழிப்பது. அந்தப் போலி மெசேஜைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகு மட்டும் டெலீட் பண்ணுங்க.

போன பணம் வரிக்கணக்கில் எங்கே வரும்?

இது நம்ம ஏரியா. ஹேக்கர் செலவு செய்த பணத்தை விளம்பரச் செலவு என்று அப்படியே எழுதக்கூடாது. அது உங்கள் பிசினஸுக்கான விளம்பரமே இல்லை. அது பிசினஸ் நடத்தும்போது ஏற்பட்ட இழப்பு. ஏஜென்ட் பணத்தைக் கையாடிய பத்ரிதாஸ் டாகா வழக்கில், பிசினஸ் நடத்துவதோடு ஒட்டி வரும் இத்தகைய இழப்பை லாபத்தில் கழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது. புகார் ஆவணங்கள் இருந்தால் உங்கள் வாதம் பலமாக இருக்கும். பின்னால் பணம் திரும்பி வந்தால் அந்த வருஷம் வருமானமாகக் காட்டணும்.

ஆனால் சைடு பிசினஸ் பண்றவங்க பெரும்பாலும் உத்தேச வருமான முறையில், அதாவது 1961 சட்டத்தின் 44ஏடி மாதிரி, விற்பனையில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று காட்டுவீங்க. அதில் எந்தச் செலவையும் இழப்பையும் தனியாகக் கழிக்க முடியாது. சம்பள வருமானத்திலும் கழிக்க முடியாது. அதாவது போனது முழுக்க உங்கள் கையில் இருந்து.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் சேர்த்திருந்தால் அது 2பி-யில் தானாக வந்து நிற்கும். ஹேக்கர் ஓட்டிய விளம்பரத்துக்கான வரியை உள்ளீட்டு வரியாக எடுக்காதீங்க. அது உங்கள் தொழிலுக்குப் பயன்பட்ட சேவை இல்லை.

ஆபீஸ் பேஜைப் பார்த்துக்கிறவங்களுக்கு

மார்க்கெட்டிங் டீமில் இருப்பீங்க. கம்பெனியின் பேஜுக்கு உங்கள் தனிப்பட்ட ப்ரொஃபைல் ஒரே அட்மின். கேட்க நல்லா இருக்கும், "எல்லாம் இவர் கையில்தான்" என்று. ஹேக் ஆனால் விசாரணையும் உங்களிடம்தான். வேலையை விட்டால் கணக்கு லாக் ஆகி, பழைய கம்பெனி உங்கள் ஃபைனல் செட்டில்மென்ட்டை நிறுத்தி வைக்கும் நிலைமை வரலாம். ரெண்டாவது அட்மினைச் சேர்க்கச் சொல்லி மேனேஜருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்க. வேலையை விடும்போது, இன்ன தேதியில் இன்னாரிடம் உரிமையை ஒப்படைத்தேன் என்று எழுத்தில் வாங்கிக்கோங்க. கம்பெனி விளம்பரத்துக்கு உங்கள் சொந்தக் கார்டைக் கொடுத்து ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்கும் பழக்கம் இருந்தால், ரிவார்டு பாயின்ட்டுக்கு ஆசைப்படாமல் இந்த மாதமே நிறுத்துங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க

1. முழுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் குறைந்தது ரெண்டு பேர். ஒருவர் நீங்க, இன்னொருவர் உங்க துணைவரோ, அண்ணன் தம்பியோ, நம்பிக்கையான பார்ட்னரோ.
2. ரெண்டு பேருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. எஸ்எம்எஸ்ஸை விட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. மீட்புக் குறியீடுகளைப் பேப்பரில் எழுதி பத்திரங்கள் இருக்கிற ஃபைலில் வைங்க. ஆனா போலிப் பக்கத்தில் நீங்களே அந்தக் குறியீட்டைப் போட்டால் எந்தப் பூட்டும் உதவாது.
3. விளம்பரக் கணக்கின் பில்லிங் பகுதியில் மொத்தச் செலவு வரம்பு வைங்க. மாதம் 18,000 செலவு என்றால் வரம்பு 20,000. உள்ளே வருபவனுக்கு அட்மின் உரிமை இருந்தால் இதை மாற்ற முடியும்தான். ஆனாலும் ஒரு தடை கூடுதல்.
4. அதனால் உண்மையான வரம்பு கார்டில் இருக்கட்டும். விளம்பரத்துக்கு மட்டும் ஒரு குறைந்த லிமிட் கார்டு. சம்பளக் கணக்கின் டெபிட் கார்டை ஒருநாளும் சேர்க்காதீங்க.
5. அட்மின் பட்டியல், பார்ட்னர், இணைத்த ஆப்கள், லாகின் ஆகியிருக்கும் சாதனங்கள். தெரியாதது எதுவானாலும் நீக்குங்க. கணக்கை மீட்டவர்கள் இதை முதல் நாளே செய்யணும். திருடன் பின்வாசலில் சாவி வைத்துவிட்டுப் போயிருப்பான்.
6. வாடிக்கையாளர் போன் நம்பர்களை மாதம் ஒருமுறை தனியாக எக்செல்லில் எடுத்து வைங்க.

ஆறாவது ஏன் என்று கடைசியாகச் சொல்றேன்.

அந்தத் தங்கைக்கு ப்ரொஃபைல் 6 நாளில் கிடைத்தது. பேஜ் 9 நாளில். விளம்பரக் கணக்கு 34-வது நாள். மோசடி உறுதியானதும் அந்த 28,900 ரூபாய் கார்டுக்குத் திரும்ப வந்தது. 14,900 பாக்கியும் நீக்கப்பட்டது. பேங்க் தற்காலிகமாகக் கொடுத்திருந்த வரவைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அதுதான் நியாயமும்கூட.

ஆனால் தீபாவளி 21-வது நாளே முடிந்துவிட்டது. அந்த சீசன் விற்பனையை எந்த ஃபார்மும், எந்த ஆம்புட்ஸ்மேனும் திருப்பித் தர முடியாது. துணி வாங்கியாச்சு, தைக்கும் ரெண்டு அக்காங்களுக்கும் போனஸ் சொல்லியாச்சு.

அப்போதுதான் பழைய பார்சல் ரசீதுகளை எடுத்து வைத்து, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து 340 போன் நம்பரை எழுதினாங்க. "அக்கா, பேஜ் ஹேக் ஆயிடுச்சு, அந்தப் பேஜில் இருந்து யாராவது பணம் கேட்டால் அனுப்பாதீங்க. தீபாவளி டிரஸ் போட்டோ இந்த வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுங்களா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக மெசேஜ். விளம்பரச் செலவு பூஜ்யம். வழக்கமான தீபாவளியில் பாதி விற்பனைதான். ஆனா போனஸ் கொடுத்துட்டாங்க.

"அந்தப் பேஜைத்தான் என் கடைன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்ண்ணா. கடை அந்த 340 பேருதானுங்க" என்று சொன்னாங்க.

சோஷியல் மீடியாவில் நாம வைத்திருப்பது வாடகைக் கடை. போர்டு அழகா இருக்கட்டும், விளம்பரமும் ஓடட்டும். ஆனா கல்லாப்பெட்டிச் சாவியும் வாடிக்கையாளர் நோட்டும் நம்ம வீட்டில் இருக்கணும்.

இப்பவே பேங்க் ஆப்பைத் திறந்து, உங்க கார்டில் எத்தனை தானியங்கி அனுமதி இருக்கு என்று எண்ணிப் பாருங்க. எண்ணிக்கை உங்களுக்கே ஆச்சரியமா இருந்தால், அதில் ரெண்டையாவது ரத்து பண்ணிட்டுத் தூங்கப் போங்க. அடுத்த வீடியோவில் செலவு வரம்பை எங்கே போய் வைப்பது என்று ஸ்க்ரீனிலேயே காட்டுகிறேன்.